சிவப்புக் கொடிக்கு எதற்குப் பாக்கெட்?

அத்தியாயம் 5

கடற்கரையில் கால் வைத்த பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் எங்களிடம் "கிளம்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆள் வாயைத் திறக்கவில்லை. டம்ளர் கழுவின தண்ணீரை என் செருப்பைக் குறிபார்த்து ஊற்றினான்.

"கவனிக்கலை சார்," என்றான் அந்த ஜூஸ் கடைக்காரன், என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டே.

"பரவாயில்லப்பா. காலையில குளிக்காம வந்துட்டேன். இன்னும் ரெண்டு டம்ளர் தலைக்கு ஊத்தினா புண்ணியமாப் போகும்."

"தம்பி, வாயை மூடிட்டு வா," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை, முழுகின படகு என்று யார் பணம் கேட்டு வந்தாலும் போய்ப் பார்த்து, அது தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சொல்வதுதான் வேலை. கேட்ட பொய்களில் அலுத்துப்போய் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் துப்பறியும் நிறுவனம் திறந்தார். முப்பத்தாறு வயதுக்குள் நாலு வேலையை விட்ட எனக்கு டிரைவர், உதவியாளர், அடி வாங்குபவர் என்று மூன்று பதவிகளை ஒரே சம்பளத்தில் கொடுத்த மகராசி.

மணி இரண்டே கால். ஐந்து மணிக்குள் நாங்கள் ஒரு பொய்யை உடைக்க வேண்டும்.

விஷயம் இதுதான். முந்தாநாள் பிற்பகல் மூன்றரைக்குத் திடீரென்று காற்று அடித்தது. படகு இழுத்துப்போன பாராசூட்டின் கயிறு அறுந்து, அதில் பறந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணி பாறையில் விழுந்தார். நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. படகை ஓட்டினவர் லாக்கப்பில் இருக்கிறார். மஞ்சள் கொடி பறந்தால் ஜாக்கிரதையாகப் போகலாம், சிவப்புக் கொடி பறந்தால் ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. இது இந்தக் கரையின் சட்டம். அன்றைக்கு இரண்டு மணியிலிருந்தே சிவப்புக் கொடிதான் பறந்தது என்று லைஃப்கார்டு எழுதிக் கொடுத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் கடைக்காரர்கள் பதினொரு பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் பறந்திருந்தால் நடந்தது விபத்து. சிவப்பு பறந்திருந்தால் குற்றம்.

இதில் புரியாத ஒன்று, படகுக்காரரே தப்பு தன்னுடையதுதான் என்று வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டதுதான். ஐந்து மணிக்குப் போடுகிறார். போட்டதும் விசாரணை முடிந்தது, நாளைக் காலையில் கடற்கரை திறக்கும். நடுவில் நாங்கள் போய் மூக்கை நுழைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

எங்களை அழைத்தது படகுக்காரரின் மனைவி. இதே கரையில் தையல்காரி. பாராசூட் கிழிசல், குடைக் கிழிசல் எல்லாம் அவளிடம்தான் வரும். நேற்று மாலை எங்கள் முன்னறையில், லாக்கப்புக்கு அனுப்ப வேண்டிய சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அழாமல் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "வேற எதையும் பார்க்க வேணாம் மேடம். அந்தக் கொடியை மட்டும் பாருங்க."

ஆகவே கொடியைப் பார்க்கப் போனோம்.

லைஃப்கார்டு டவர் நாலு இரும்புக் கால்களில் நின்றது. மேலே சிவப்புக் கொடி. கீழே ஏணியை மறித்துக்கொண்டு லைஃப்கார்டு. இருபத்தைந்து வயது இருக்கும். கரையில் எல்லோரும் அவனை விசில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெயிலில் கறுத்த முகத்தில் எங்களைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் கறுப்பு ஏறியது.

"ஏறக் கூடாது. பீச் மூடியிருக்கு."

"ஏறலைப்பா. கழுத்து வலிக்கிற வரைக்கும் கீழ இருந்தே பார்த்துக்கறேன்," என்றார் அண்ணி. "கொடி எத்தனை மணிக்கு ஏத்தினே?"

"எழுதிக் குடுத்தாச்சு."

"எனக்கு வாயால சொல்லேன்."

"ரெண்டு மணி."

"இதே கொடியா?"

"வேற எது? ஏத்தினதுலேர்ந்து எறக்கவே இல்ல. இன்ஸ்பெக்டர் தொடக் கூடாதுன்னுட்டாரு."

"முந்தாநாள் ரெண்டு மணிக்கு நீ ஏத்தினது, இப்ப மேல பறக்குறது, ரெண்டும் ஒண்ணுதான். மாத்தவே இல்ல. சரியா?"

"எத்தனை தடவைங்க சொல்றது? ஒண்ணுதான், ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டு, என் காதுக்கு ஒரு முழம் தூரத்தில் விசிலை ஊதினான். காது ஙொய் என்றது.

"சங்கீதம் பிரமாதம். நாளைக்குக் கச்சேரி உண்டா?" என்றேன்.

அண்ணி அவன் பக்கத்தில் திறந்து கிடந்த கொடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையும் மஞ்சளும் சுருட்டி வைத்திருந்தது. சீசன் முழுக்க வெயில் குடித்து, பச்சை எது மஞ்சள் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு வெளுத்திருந்தன. மேலே இருந்த சிவப்போ அவற்றோடு சேராத கெட்டித் துணி, அவ்வளவாக வெளுக்கவும் இல்லை. ஏணியின் கொக்கியில் அவனுடைய சாப்பாட்டுப் பை தொங்கியது. பாராசூட் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பை. அண்ணி அதையும் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அதைப் பார்த்ததும் பசிதான் வந்தது.

அந்த நேரம் காற்று நின்றது. கொடி துவண்டு தொங்கியது. அதன் கீழ் மூலையில் கட்டைவிரல் நுழைகிற அளவில் ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணி இது, கொடிக்குப் பாக்கெட் வெச்சுத் தச்சிருக்காங்க? சில்லறை போட்டு வைக்கவா?"

சும்மா கேட்டதுதான். அண்ணி அப்படியே நின்றுவிட்டார். என் போனைப் பிடுங்கி, கேமராவைப் பெரிதாக்கி, கொடியின் மூலையை நாலு படம் எடுத்தார். பாக்கெட்தான். இரட்டைத் தையல் போட்ட குட்டிப் பாக்கெட்.

"மாசத்துல ஒரு நாள் நீ வாங்கற சம்பளத்துக்கு வேலை செய்யறே," என்றார் நடந்துகொண்டே. "இன்னைக்குத்தான் அந்த நாள்."

நான் சந்தோஷப்படுவதற்குள் குறுக்கே ஒரு பைக் வந்து மணலில் புதைந்து நின்றது. கடற்கரை வியாபாரிகள் சங்கத் தலைவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"வெயில்ல ஏம்மா அலையறீங்க? அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சிரும்."

"முடியறதுக்குள்ள பார்த்துட்டுப் போயிடறேன்."

"இந்த மணல்ல இருநூறு குடும்பம் சாப்பிடுது. அதுல யாராவது உங்க மேல கோவப்பட்டா நான் பொறுப்பில்ல."

"அந்த இருநூறுல ஒரு குடும்பம் ரெண்டு நாளா லாக்கப்ல சாப்பிடுது. அதுக்கும் நீங்க பொறுப்பில்லையா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டியே இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அப்படி ஒரு பார்வை. "உங்க வண்டி அந்த வேலியோரம் நிக்குதே, வெள்ளைக் கார், அதுதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"நம்ம கார் மேல என்ன அக்கறை பாருங்க," என்றேன். வேலியோரம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு ஏங்கின என் கண்ணில் ஒரு போர்டு பட்டது. 'வாழைப்பழப் படகுச் சவாரி. டிக்கெட் கிடைக்குமிடம்: சிவப்புக் குடைக்கு நேர் எதிரே.' குடை என்றால் நிழல். சுற்றிப் பார்த்தேன். மடக்கி நட்ட பெரிய குடைகள் வரிசையாக நின்றன. எல்லாம் நீலம். இரண்டு முறை எண்ணியும் சிவப்பு ஒன்றும் இல்லை.

"அண்ணி, சிவப்புக் குடைக்கு எதிரேன்னு எழுதியிருக்கான். இங்க குடை இருக்கு, எதிரே இருக்கு. சிவப்பு மட்டும் இல்ல."

அண்ணி போர்டைப் படித்தார். திரும்பி டவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னைக்கு உன் ஜாதகத்துல என்னடா இருக்கு?" என்றார்.

குடை வாடகைக்கு விடுகிறவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாய்வுக் கட்டில்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் நிழல் விழுந்ததும், "வாடகைக்கு இல்ல," என்றார் தலையைத் தூக்காமல்.

"சிவப்புக் குடை ஒண்ணு இருந்துச்சாமே?"

"ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கடைக்கு அடையாளம். போன மாசமே கிழிஞ்சு போச்சு."

"போர்டுல இன்னும் இருக்கே?"

"போர்டு கிழியலை. அதான் இருக்கு." பதில் டக்கென்று வந்தது. "போங்கம்மா, வேலையைக் கெடுக்காதீங்க."

அண்ணி பக்கத்தில் நின்ற நீலக் குடையின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு கம்பியின் நுனியும் துணியின் மூலையில் ஒரு சின்னப் பாக்கெட்டுக்குள் செருகியிருந்தது. கட்டைவிரல் நுழைகிற பாக்கெட். இரட்டைத் தையல்.

அவர் விளிம்பை விட்டார். நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார். கொட்டகையைத் தாண்டும்வரை காலை எடுக்கவே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை.

"குடையைக் கிழிச்சுக் கொடி தச்சிருக்காங்க!" என்று மறைவுக்கு வந்ததும் வெடித்தேன்.

"சரி. எப்ப தச்சாங்க? போன மாசம் குடை கிழிஞ்சது, அந்தத் துணியில கொடி தச்சோம், முந்தாநாள் ரெண்டு மணிக்கு ஏத்தினோம். இப்படிச் சொன்னா நீ என்ன பண்ணுவே?"

"வீட்டுக்குப் போய்க் காலுக்கு ஒத்தடம் குடுப்பேன்."

"அந்தக் குடை எந்த நிமிஷம் வரைக்கும் முழுசா நின்னுச்சுன்னு தெரியணும். அதை யாராவது பார்த்திருக்கணும். மனுஷங்க யாரும் சொல்லப் போறதில்ல."

மனுஷன் சொல்லாவிட்டால் கேமரா. கரையில் ஒரே ஒரு போட்டோக்காரர். வருகிறவர்களைக் கேட்காமலே படம் எடுத்து, ஸ்டால் பலகையில் குத்தி வைப்பார். சாயங்காலம் வந்து பார்த்து, பிடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் படம் யாருடையது என்று தேடுவதற்காக ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் மணியும் அச்சாகியிருக்கும். தூரத்திலிருந்தே பார்த்தோம். வெயிலில் வெளுத்த பலகையில், வெளுக்காத சதுரங்கள் நிறைய இருந்தன. முந்தாநாள் படங்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள்.

"நேர்ல போனா கேமரா ரிப்பேர்னு சொல்லுவான்," என்றார் அண்ணி.

ஸ்டால் மேலேயே போன் நம்பர் எழுதியிருந்தது. மூன்று நாளாக ஒரு படமும் விற்காத மனுஷன், வியாபாரம் என்றால் பேசுவார். நான் ஸ்டாலுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, துணி மாற்றும் அறையின் சுவரோரம் நின்றுகொண்டு, தொண்டையில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டு பேசினேன்.

"வணக்கம் சார், ஹோட்டல் ரிசப்ஷன்லேர்ந்து பேசறோம். முந்தாநாள் மத்தியானம் சிவப்புக் குடைக்குக் கீழ ஒரு குடும்பத்தைப் படம் எடுத்தீங்களாம். ஊருக்குக் கிளம்பறாங்க. பெரிய சைஸ்ல ஃபிரேம் போட்டு மூணு காப்பி கேக்கறாங்க."

அப்படி ஒரு குடும்பம் இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? அடையாளத்துக்கு நிற்கிற குடை, அதன் கீழே யாராவது உட்காராமலா இருப்பார்கள்?

"மூணு காப்பியா?" அந்தப் பக்கம் குரல் இளகியது. பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "கொடி கிடி விழுந்த படம் எதுவும் குடுக்க மாட்டேன் சார். தலைவர் உத்தரவு."

"அவங்களுக்குக் கொடி எதுக்கு சார்? குழந்தை முகம் விழுந்தாப் போதும்."

"இருங்க, போனுக்கு அனுப்பறேன். இதுதானான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஆசை யாரை விட்டது? என் போன் அதிர்ந்தது. படத்தில் அப்பா, அம்மா, வாயில் மணலோடு ஒரு குழந்தை. ஆர்வமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். டவர் இல்லை. கொடிமரம் இல்லை. கொடியின் ஒரு நூல்கூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாவி, பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கான் அண்ணி. கொடி இல்லாத படம்."

அண்ணி வாங்கிப் பார்த்தார். இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

"கொடி இருக்கு தம்பி. குழந்தை தலைக்கு மேல விரிஞ்சு நிக்குது பாரு."

சிவப்புக் குடை. கிழிசல் இல்லை, ஒட்டு இல்லை, பத்து மூலையும் பத்திரம். அடியில் முந்தாநாள் தேதி. மணி மூன்று பத்து.

"மூணு பத்துக்கு இந்தக் குழந்தைக்கு நிழல் குடுத்த துணி, ரெண்டு மணிக்கே டவர் மேல எப்படிப் பறந்துச்சு? மூணரைக்குக் காத்து அடிச்சப்ப குடை சாஞ்சு கம்பி உடைஞ்சிருக்கும். கயிறு அறுந்து ஆள் விழுந்தப்புறம், சிவப்புத் துணி தேடி ஓடியிருக்காங்க. கரையிலயே சிவப்பா இருந்தது அது ஒண்ணுதான்."

நான் குதித்தேன். "மணி மூணே முக்கால். ஸ்டேஷனுக்கு விடட்டுமா?"

"இரு." சிரிப்பு போய்விட்டது. "தச்சது யாருன்னு யோசிச்சியா?"

இந்தக் கரையில் தையல் மிஷின் ஒன்றுதான் இருக்கிறது.

அது நாங்கள் நின்றிருந்த சுவருக்கு அடுத்த அறை. பாதி அறையை மடித்த பாராசூட் துணி அடைத்திருந்தது. மீதியில் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், எங்களை அழைத்த அந்த அக்கா. வேலை இல்லாத நாளிலும் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். கடல் பத்து எட்டில் இருந்தும், மிஷின் ஓடும்போது அலைச்சத்தம் கேட்கவே இல்லை.

அண்ணி போனை அவள் முன்னால் வைத்தார். பக்கத்திலேயே கொடியின் பாக்கெட் படம். அக்கா மிதிப்பதை நிறுத்தினாள்.

"கொடியைப் பாருங்கன்னு சொன்னீங்க. பார்த்துட்டேன்," என்றார் அண்ணி. கோபத்தில் அவர் குரல் இறங்கும், ஏறாது. "நீங்க தச்ச கொடின்னு ஏன் சொல்லலை?"

அக்கா மிஷினிலிருந்த துணியை எடுத்து மடித்தாள்.

"அந்த மூலையைப் பிரிக்க நேரமில்ல மேடம்," என்றாள் கடைசியில். "மூணரை தாண்டியிருக்கும். குடைத்துணியைக் கொண்டாந்து போட்டு, 'உடனே ஒரு கொடி தச்சுக் குடு'ன்னு நின்னான். எதுக்குன்னு கேட்டேன். 'கேக்காத, சீக்கிரம்'னான். பத்து நிமிஷத்துல தச்சேன். வெளிய என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. தச்சு முடிச்சு வெளிய வந்தாதான், எல்லாரும் பாறை பக்கம் ஓடறாங்க."

"கொண்டு வந்தது லைஃப்கார்டு. உங்க தம்பி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா ஆச்சரியப்படவில்லை.

"நீங்க நேத்து லாக்கப்புக்குக் குடுத்து அனுப்பணும்னு கையில வெச்சிருந்த சாப்பாட்டுப் பையும், டவர்ல தொங்குற பையும் ஒரே துணி, ஒரே தையல். முகஜாடையும் ஒண்ணு," என்றார் அண்ணி. "புருஷனை வெளிய கொண்டு வரணும். ஆனா தம்பியைக் காட்டிக்கொடுத்தது நீங்கன்னு இருக்கக் கூடாது. அந்தப் பாவத்தை நான் சுமக்கணும். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்க."

"அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு மேடம். இடுப்புல வெச்சு வளர்த்தேன். என் வாயால எப்படிச் சொல்லுவேன்?" இப்போதுதான் அழுதாள். "அவன் கெட்டவன் இல்ல. தலைவர் சொன்னாரு, செஞ்சுட்டான். மாட்டறது யாருன்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கவே மாட்டான்."

"இந்தப் படமும் பாக்கெட்டும் நல்ல சாட்சிதான். வக்கீல் வெச்சுப் பேச ஆறு மாசம் ஆகும். இன்னைக்கு அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டருக்கு ஆள் வேணும். நான்தான் தச்சேன், இந்த நேரத்துக்குத் தச்சேன்னு சொல்ற ஆள். பதினொரு பேர் எதிர்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அக்கா, இவங்களை வெளிய போகச் சொல்லு."

வாசலை அடைத்துக்கொண்டு விசில் நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியவில்லை. நான் பழக்கதோஷத்தில் அண்ணிக்கு முன்னால் போய் நின்றேன். மூன்றாவது பதவிக்கு வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"என்கிட்ட சிவப்புக் கொடியே இல்லக்கா. சீசன் ஆரம்பத்துலயே தலைவர் எடுத்துட்டுப் போயிட்டாரு. 'சிவப்பைப் பார்த்தா எவன் வருவான், மஞ்சளோட ஓட்டு'ன்னாரு. அன்னைக்குக் காத்து ஏறறது தெரிஞ்சு விசில் அடிச்சேன், அடிச்சேன், கேக்கலை. விழுந்தப்புறம் தலைவர் வந்து, இப்பவே சிவப்பு ஏறலைன்னா உள்ள போறது நீதான்னாரு. நான் என்ன பண்ணுவேன்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று எனக்கே பட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. துணியோட என்கிட்ட வந்தப்ப, கயிறு அறுந்தது யாரு படகுன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் கதவுச் சட்டத்தைச் சுரண்டினான்.

"டேய், கேக்கறேன்."

"டவர்லேர்ந்து பார்த்தா எல்லாப் படகும் தெரியும்க்கா."

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. கையில் துணியோடு வந்து, மாமாவுக்கு எதிரான கொடியை அக்காவையே தைக்க வைத்திருக்கிறான். அந்த நிமிடம் அவனை அறைந்தால் என்ன என்று என் கை துடித்தது.

"ரெண்டு நாளா ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டு போனது நீதானே. அவர்கிட்ட என்ன சொன்னே?"

"கொடி ஏத்தியிருந்தேன், நீங்கதான் பார்க்கலைன்னு சொன்னேன்."

"அவரு?"

"'மஞ்சளைப் பார்த்த மாதிரிதான் ஞாபகம். ஆனா நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்டியேடா, நான்தான் கவனிக்காம விட்டிருப்பேன்'னாரு."

படகுக்காரர் ஏன் கையெழுத்துப் போடச் சம்மதித்தார் என்பது இப்போது விளங்கியது. என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

அக்கா எழுந்து முகத்தைக் கழுவினாள். "வாங்க மேடம். போகலாம்."

வேலியோரம் எங்கள் கார் நாலு டயரும் காற்றில்லாமல் மணலில் படுத்திருந்தது. ஜூஸ் கடைக்காரன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். குடைக்காரர் பார்த்தார். போட்டோக்காரர் பார்த்தார். மணி நாலு இருபத்தைந்து. ஸ்டேஷன் ஊருக்கு அந்தக் கோடியில்.

"டாக்சி கூப்பிட்டா இந்த ஊர்ல எவனும் வர மாட்டான்," என்றேன்.

பின்னாலேயே வந்து நின்ற தம்பியிடம் அக்கா கையை நீட்டினாள். "ஜீப் சாவியைக் குடு."

டவருக்குப் பின்னால் மீட்பு ஜீப் நின்றிருந்தது. அவன் சாவியைக் கொடுத்தான். அவள் அதை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஏறினாள். அண்ணி பின்னால் ஏறினார். அவன் நின்றான்.

"நீ வந்தாலும் சொல்லத்தான் போறேன். வரலைன்னாலும் சொல்லத்தான் போறேன்," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

அவன் ஏறிக்கொண்டான். கூட்டம் வழியை மறித்தது. நான் சைரனைப் போட்டேன். மறித்தவர்கள் விலகினார்கள், என்ன இருந்தாலும் அது உயிர் காக்கிற வண்டி. ஒருவன் எறிந்த ஈர மணல் கண்ணாடி முழுக்க அப்பியது. வைப்பரைப் போட்டுக்கொண்டே ஓட்டினேன்.

நாலு ஐம்பதுக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்தோம். தலைவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் விரித்த காகிதத்துக்கு முன்னால் அந்தப் படகுக்காரர். கயிறு இழுத்துக் காய்த்துப்போன பெரிய கை. அதில் பேனா சின்னதாகத் தெரிந்தது. ஐந்து மணிக்குக் காத்திராமல் முதல் பக்கத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. இரண்டாவதைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் காலடி கேட்டு நிமிர்ந்தவர், பெண்டாட்டியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. சீருடையில் நின்ற மச்சினனைத்தான் பார்த்தார். பதறிப்போனார்.

"டவரை விட்டுட்டு நீ ஏன்டா வந்தே? கரையில யாரு இருக்கா?"

தலைவர் கால்களைக் கீழே இறக்கினார்.

"ஏங்க," என்றாள் அக்கா. மேஜை வரைக்கும் போய் நின்றாள். "அன்னைக்குச் சிவப்புக் கொடியே இல்லைங்க. நீங்க பார்த்தது மஞ்சள்தான். கயிறு அறுந்தப்புறம்தான் சிவப்பு வந்துச்சு. நான் தச்சேன், இவன் ஏத்தினான். ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கட்டும். நீங்க அந்தப் பேனாவைக் கீழ வைங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி போனை எடுத்து மேஜை மேல் வைத்தார், மூன்று பத்துப் படம் மேலே தெரிகிற மாதிரி.

படகுக்காரர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மச்சினன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்வது பொய் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால், அப்போதும் அவனைத்தான் நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் அண்ணிதான் போய் அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தார்.